வீட்டுக்காரரின் மூக்கு

கீழே மணி அடித்தபோது யோகராஜாவின் கை சுவர்ப்படத்தின் பூமாலையில் இருந்தது.

"தொடாதேங்கோ," என்றாள் சிவனேஸ்வரி. "ஆடி அமாவாசையும் அதுவுமா, படைச்சுப்போட்டு மாலையைக் கழட்டுறதே?"

யோகராஜா யன்னலால் எட்டிப் பார்த்தார். வாசலில் மிஸஸ் டோசன். வீட்டுக்கார அம்மா. சனிக்கிழமை வருவதாகச் சொன்னவர் வியாழக்கிழமையே வந்து நிற்கிறார்.

இவர்கள் மிளகாய்த்தூள் வறுக்கிற மணம் தாங்க முடியவில்லை என்று பக்கத்து வீட்டார் முறையிட்டிருந்தார்கள். மேல்மாடியில் இவர்களை வைத்திருப்பதா, எழுப்பி அனுப்புவதா என்று நேரில் வந்து முடிவு சொல்வதாகப் பேச்சு. லண்டன் பிளேஸ்டோவில் இரண்டு பிள்ளைகளோடு இன்னொரு வீடு தேடுவதை நினைத்தாலே யோகராஜாவுக்குத் தலை சுற்றியது.

மணத்தை யன்னலைத் திறந்து வெளியே அனுப்பலாம். இந்தப் படத்தை எங்கே அனுப்புவது?

குடிவந்த நாளிலேயே படி முடிகிற சுவரில் தொங்கிய பழைய அச்சுப்படம் அது. செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்து, மேலே லேசாக நிறம் பூசியது. இரவுத் தொப்பி போட்ட ஒரு தொந்தி மனிதர், குடியிருப்பவர்களின் கதவுத் துவாரத்தில் மூக்கை வைத்து, உள்ளே என்ன வேகிறது என்று மோப்பம் பிடிக்கிறார். உள்ளே ஒரு குடும்பம் பொரித்த வாத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது. தொந்தியருக்குப் பின்னால் ஒருத்தி மெழுகுதிரியோடு நிற்கிறாள். அடியில் ஆங்கிலத்தில், 'வீட்டுக்காரரின் மூக்கு, 1819'.

அந்தக் காலத்து லண்டன்காரர் தங்களைத் தாங்களே நையாண்டி பண்ணி, கடைக் கண்ணாடியில் தொங்கவிட்டு விற்ற படங்களின் வகை. யோகராஜா முதல் நாளே வாசித்துச் சிரித்துவிட்டார். ஆங்கிலம் தெரியாத சிவனேஸ்வரி ஆரென்று கேட்டதற்கு, பகிடிக்கு, "வீட்டுக்கார மனிசியின்ர பூட்டன். பின்னால நிக்கிறது வேலைக்காரி" என்று சொல்லி வைத்தார்.

யாழ்ப்பாணம் பெரியகடைத் தெருவில் புடவைக்கடை வைத்திருந்த குடும்பம். சாயம் போகிற சேலைக்கும் ஒரு சரித்திரம் சொல்லி விற்றவர்களுக்கு, ஒரு மூதாதையை, ஒரு பூட்டனை, உண்டாக்குவது பெரிய வேலையா?

ஆனால் வாங்கியவள் சரக்கை இப்படிப் பாவிப்பாள் என்று அவர் நினைக்கவில்லை. இருக்கிற வீட்டுக்கு உரியவர்களை விட்டுவிட்டு நம்முடைய ஆட்களுக்கு மட்டும் படைப்பது முறையில்லை என்று, இன்று காலை மாமனாரின் படத்தோடு தொந்தியருக்கும் சேர்த்துச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள். யோகராஜா வேலை செய்யும் பெற்றோல் நிலையத்தில் விற்காமல் மிஞ்சிய செவ்வந்திப் பூங்கொத்தில் மாலை. முன்னால் ஒரு தட்டில் சோறு, மரக்கறி, வடை, பாயசம்.

மண விசாரணைக்கு வருகிற வீட்டுக்காரிக்கு, மோப்பம் பிடிக்கிற வீட்டுக்காரனை மாலை போட்டுக் காட்டினால் என்ன நினைப்பார்? நாளைக்கே சாமான் தெருவில்.

மிஸஸ் டோசன் தன் திறப்பாலேயே கதவைத் திறந்து, படியேறி வந்தார். மேல்படியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

யோகராஜாவிடம் சாக்குப்போக்குகள் கடைச் சேலைகள்போல அடுக்கடுக்காக இருந்தன. எதை முதலில் விரிப்பது என்றுதான் தெரியவில்லை.

"இதெல்லாம் என்ன?" என்று கேட்டார் மிஸஸ் டோசன்.

"வருஷத்துக்கு ஒருநாள் செய்கிற மரியாதை," என்றார் யோகராஜா. இறந்தவர்களுக்கு என்ற பகுதியை விழுங்கிவிட்டார்.

"டொம்முக்கா? படத்தில் இருக்கிறது என் புருஷன்."

அந்த 1819 பொய்யாம். உயிரோடு இருந்த காலத்தில் பழைய நையாண்டிப் படங்களில் அவருக்குப் பைத்தியம். கீழே இருக்கிற அடுப்படியிலேயே செப்புத் தகட்டை அமிலத்தில் ஊறவைத்து, தன்னையே வீட்டுக்காரனாகக் கீறி, விளையாட்டுக்குப் பழைய வருஷமும் போட்டாராம். அந்த அமில மணம் தாங்காமல் பக்கத்து வீட்டார் அப்போதும் முறையிட்டார்களாம்.

"இதே பக்கத்து வீட்டார்தான்," என்று மிஸஸ் டோசன் சிரித்தார். சிரிப்பு முடிய, கண்ணைத் துடைத்தார்.

சிவனேஸ்வரி வடையை நீட்டினாள். அவர் முதலில் முகர்ந்து பார்த்தார், படத்திலிருந்த மனிதர் மாதிரியே. பிறகு கடித்தார்.

"அடுத்த வருஷமும் அவருக்கு இந்த நாளில்தானே சமைப்பீர்கள்? எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்."

அடுத்த வருஷம். யோகராஜாவுக்கு அந்தச் சொல் பாயசத்தை விட இனித்தது.

அப்போது மிஸஸ் டோசனின் விரல் படத்தில் மெழுகுதிரிக்காரியைத் தொட்டது. "இது நான். எனக்கு மட்டும் ஏன் மரியாதை இல்லை? எனக்கும் ஒரு பொட்டு வையுங்கள்."

பெரியகடைக்காரர் மாலையை இழுத்து நேராக்கினார்.

"என்னவாம்?" என்றாள் சிவனேஸ்வரி.

"உந்த வேலைக்காரி இவதானாம். தனக்கும் பொட்டு வைக்கட்டாம்."

சிவனேஸ்வரி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பூட்டனும் வேலைக்காரியும் அந்த ஒரு பார்வையில் செத்தார்கள்.

பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். படத்தைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து போய், மிஸஸ் டோசனின் வெள்ளை மயிரை மெல்ல ஒதுக்கி, நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள்.

"உயிரோட இருக்கிற ஆக்களுக்குப் படத்தில இல்லை, நெத்தியிலதான்," என்றாள் புருஷனிடம். "அதை மட்டும் இங்கிலிசில சொல்லிப்போடாதேங்கோ."