விற்காத பங்குக்கு வரி

"ஒரு பங்குகூட விக்கலை. அப்புறம் எதுக்கும்மா இவ்வளவு வரி?"

ஃபைலைச் சாப்பாட்டு மேசைமேல் பொத்தென்று போட்டான் மகன். வெளியூரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தான். அப்பாவுக்கு எப்படியிருக்கிறது என்று ஒப்புக்குக்கூடக் கேட்கவில்லை.

அம்மா அடுப்பைத் தணித்தாள். "மெதுவாப் பேசுடா. அப்பா உள்ள இருக்கார்."

"அப்பா காலமெல்லாம் பங்கு வாங்கி விக்கிற வியாபாரி. பங்கெல்லாம் அவருக்குக் கடைச் சரக்கு மாதிரி. வித்தாதான் லாபம், அப்பதான் வரி. நீ போய் அத்தனையும் முதலீடுன்னு மாத்தி எழுதிட்ட. மாத்தின அன்னிக்கே எல்லாத்தையும் வித்த மாதிரி கணக்குப் போட்டு வரி கேக்கறாங்க. அதுவும் விலை உச்சத்துல இருந்த நாளாப் பார்த்து மாத்தியிருக்க!"

"ஆடிட்டர்தான் சொன்னார். வியாபாரத்தை முடிச்சுட்டு, இருக்கிறதைப் பத்திரமா எடுத்து வச்சிடுங்கன்னு."

"அப்பா கையெழுத்துப் போட்டாரா?"

"நீட்டின இடத்துல போட்டார்."

"அப்ப அவருக்குத் தெரியாது!"

அம்மா தலை குனிந்துகொண்டாள்.

"தெரியாதுதான். வாங்க வேண்டியதை வித்தார். வித்துட்டோம்ங்கறதையே மறந்தார். போன வருஷம் பணத்துல பாதி அப்படியே போச்சு. மறதி இனிமே கூடிட்டேதான் போகும்னு டாக்டர் சொல்லிட்டார். வியாபாரத்தை விடுங்கன்னு அந்த மனுஷன்கிட்ட எந்த வாயால சொல்றது? காலையில கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து, இதை வாங்கு, அதை வித்துடுங்கறார். சரிங்கன்னு எழுதிக்கறேன். எழுதறதோட சரி. சாயங்காலம் இன்னிக்கு லாபம்னு சொன்னா, ரெண்டு வாய் கூடச் சாப்பிடறார்."

"சொப்பு வச்சு விளையாடறியா? கட்டின புருஷனை ஏமாத்தறம்மா நீ!"

"ஏமாத்தறேன்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவர் காதுல மட்டும் போட்டுடாதடா. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்."

"மறதி யாருக்கும்மா இல்லை? அவருக்குத் தெரிஞ்சே ஆகணும்."

ஃபைலை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனான்.

அப்பா ஆபீசுக்குக் கிளம்பினவரைப் போல, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். அவன் கையிலிருந்த ஃபைலைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"வாங்க ஆடிட்டர் சார். உட்காருங்க."

மகன் அறை வாசலிலேயே நின்றான்.

"கதவைச் சாத்துங்க, அவ காதுல விழுந்துடப் போகுது." அப்பா குரலைத் தாழ்த்தினார். "நான் கேட்டுக்கிட்ட மாதிரியே முடிச்சுக் குடுத்துட்டீங்க. மாத்தச் சொன்னதே நான்தான்னு அவளுக்குத் தெரியவே வேண்டாம். வரி கூடத்தான் வரும், வரட்டும். விலை இறங்கட்டும்னு காத்திருந்தா என் புத்தி காத்திருக்குமா? அவளுக்குன்னு மிச்சம் இருக்கிறதையும் நானே வித்துத் தொலைச்சிருப்பேன்."

"அப்ப... காலையில வாங்கு, வித்துடுன்னு..." மகன் இழுத்தான்.

"அதுவா?" அப்பா சிரித்தார். "நான் அப்படிச் சொல்லிட்டிருந்தா, மனுஷன் பழையபடி இருக்கார்னு அவளுக்கு ஒரு தெம்பு. எழுதிட்டுப் போறா, பாவம்."

சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் எதையோ தேடுகிறவர்போல அவனையே பார்த்தார். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் ஒரே ஒரு உதவி சார். என் பையன் வெளியூர்ல இருக்கான். வேலை ஜாஸ்தி அவனுக்கு. நீங்க சொன்னா கேப்பான். அவன் முகம் எனக்கு மறந்து போறதுக்குள்ள ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லுங்க."