கூட வந்தவர்

தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஹென்றிக்கு வலது கையில் பிடி தளர்ந்துகொண்டே வந்தது. மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் எடுத்த ஸ்கேனை டாக்டர் திரையில் காட்டினார்.

"ஸ்கேன்ல ஒரு மாற்றம் தெரியுது. இயக்க நரம்பு நோயோட ஆரம்பமா இருக்கலாம். மத்த டெஸ்டும் பாக்கணும். சீக்கிரமே வந்தது நல்லது."

ஹென்றி அசையவில்லை. கூட வந்திருந்த ரீகன்தான் மயங்கி விழுந்தான்.

தண்ணீர் தெளித்து எழுப்பிய டாக்டர் நெகிழ்ந்துபோனார். "கூட்டாளி மேல இவ்வளவு பாசமா!"

ஹென்றி தலையைச் சொறிந்தார். "அந்த ஸ்கேன் குழாய்க்குள்ள போக எனக்குப் பயம் சார். எங்க செட்டுல ஒருத்தன் வராட்டா, அடுத்தவன் அவன் பேர்ல ஷிப்டு பாப்பான். அதான், எனக்குப் பதிலா இந்த ரீகன அனுப்பிட்டேன்."

டாக்டர் தலையில் கைவைத்தார். "ரீகன், உங்களுக்கு இன்னொரு ஸ்கேன் எடுக்கணும்."

ரீகன் ஹென்றியின் சட்டையைப் பிடித்தான். "உங்க ஷிப்டை நான் பாத்தேன்லா? இது என் ஷிப்டு. நீங்க போங்கண்ணே!"