பச்சைக் கோடு

கிளீட்டஸ் டீக்கடைத் திரையில் பச்சைக் கோடு முக்கால்வாசி ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டதும், டெல்பின் அடுப்பில் மீன்குழம்பை அப்படியே விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு ஓடினாள்.

இப்போதெல்லாம் கால்பந்து வீரர்களை யாரும் பேரம் பேசி வாங்குவதில்லை. யார் எந்த அணிக்குப் போகிறார் என்ற வதந்தியை ஜனங்கள் பேசப் பேசத் திரையில் அதன் பச்சைக் கோடு ஏறும்; கோடு நிரம்பியதும் அதுவே ஒப்பந்தம். அவள் கணவன் ஆன்றோ கொச்சி அணிக்கு ஆடுகிறான். ஆட்டம் முடிந்த கையோடு ஞாயிறு பூசைக்குச் சொந்த ஊரான தூத்தூர் வந்துவிடுவான்.

கடையில் ஒரே கும்மாளம். "நார்வே பேப்பர்லயே போட்டாச்சுடே! நம்ம ஊர்ப் பயல் ஐரோப்பாவில ஆடப் போறான்!" என்றார் கிளீட்டஸ்.

"அண்ணே, உங்களைக் கும்பிடுறேன், அந்தப் பேச்சை விடுங்க!" டெல்பின் கத்தினாள். "போனா வருஷக்கணக்கா விடமாட்டாங்க. இந்தப் பிள்ளைக்கு அப்பன் முகமே மறந்துபோகும். எங்களுக்கு நார்வே வேண்டாம்ணே!"

யாரோ அதை அப்படியே போனில் படம்பிடித்து அனுப்பினார்கள். அடுத்த நொடி எல்லார் போன்களும் ஒன்றாகக் கிணுகிணுத்தன. கிளீட்டஸ் சந்தோஷமாக உரக்க வாசித்தார்:

"நார்வே பேப்பர்ல புதுச் செய்தி! 'நார்வே பற்றி ஆன்றோவின் மனைவியே வாய்திறந்தார்!'"

டெல்பின் பதறி வாயைப் பொத்தினாள். அதற்குள் கோடு நிரம்பிவிட்டது.