காதுகுத்தில் ஒரு முதுகு

சாஸ்தா கோயில் முற்றத்தில் தாணுமாலயனால் எழுந்திருக்க முடியவில்லை. மடியில் மருமகள். இரண்டு காதும் குத்தி முடிகிறவரை தாய்மாமன் எழக்கூடாது, அது குடும்ப வழக்கம்.

குழந்தையின் அம்மா, அவன் தங்கை அஸ்வதி, சினிமாவில் பெரிய நடிகை. நாலு வயது மகளின் முகத்தை இதுவரை ஒரு கேமராவுக்கும் காட்டியதில்லை. யாருக்கும் தெரியாதே என்று அண்ணனிடம் பத்துத் தடவை கேட்டுவிட்டுத்தான் பூதப்பாண்டிக்கு வந்திருந்தாள்.

ஒரு காது முடிந்தபோது ஏழெட்டு கேமராக்காரர்கள் திபுதிபுவென்று நுழைந்தார்கள். குழந்தை வீறிட்டது. அஸ்வதி பதறினாள்.

எவன் துப்புக் கொடுத்தானோ, அவன் காலை ஒடிக்கிறேன் என்று தாணுமாலயன் உட்கார்ந்தபடியே கத்தினான்.

அத்தனை பேரையும் முந்திக்கொண்டு ஒருவன் குழந்தைக்கு நேர் முன்னால் வந்து நின்றான். கோட்டாறு ஸ்டுடியோ ஷமீர். தாணுமாலயன் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன். அன்றைக்குத் தாலி கட்டும்போது ஊரே பார்த்தது இவனுடைய அகல முதுகைத்தான்.

"ஷமீரே, நீயுமா? நீயெல்லாம் மனுசனாடே?"

ஷமீர் காதில் வாங்கவில்லை. பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள், ஏசினார்கள். அவனோ இடமும் வலமுமாக நகர்ந்து கிளிக் கிளிக்கென்று அடித்துத் தள்ளினான்.

மறு காதும் முடிந்தது. அஸ்வதி குழந்தையைத் தோளில் புதைத்துக்கொண்டு காருக்குள் ஓடினாள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

தாணுமாலயன் பாய்ந்து ஷமீரின் கேமராவைப் பிடுங்கினான். தள்ளித் தள்ளிப் பார்த்தான். நாற்பது படம், நாற்பதும் ஒரே கறுப்பு. லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை.

கார்க் கண்ணாடி இறங்கியது. அஸ்வதி போனை நீட்டினாள், கண்ணீரும் சிரிப்புமாக.

"அண்ணே, அதுக்குள்ள நெட்ல போட்டுட்டாங்க. எல்லாத்துலயும் இவரு முதுகுதான்!"

தாணுமாலயனுக்குப் போன உயிர் திரும்பியது. ஷமீரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆனா இவங்களுக்கு யாரு சொல்லியிருப்பா?" என்றாள் அஸ்வதி.

ஷமீர் ஒரு நிமிஷம் தாணுமாலயனைப் பார்த்தான்.

"அவனுவளுக்கு மோப்பம் பிடிக்கவா தெரியாது, அக்கா?"

கார் கிளம்பிப் போனதும் தாணுமாலயனின் காதருகே குனிந்தான்.

"அண்ணாச்சி, 'மருமவளுக்கு காதுகுத்து, சாஸ்தா கோயில், பத்து மணி'ன்னு நேத்து வச்ச ஸ்டேட்டஸை இப்பமாவது அழிச்சிரும்."