பி.ஏ. சாத்திரியார்

"வேற ஆரிட்டையும் காட்ட மனம் வரேல்லை, தம்பி. நீங்கள் கணக்குப் படிச்சவர்" என்று சொல்லிக் கார்த்திகேசு இரண்டு சாதகங்களை மேசையில் விரித்தார். ஒன்றில் அவர் மகள் சீதாலெட்சுமியின் பெயர் இருந்தது. மற்றதில் மாப்பிள்ளையின் கட்டங்கள் மட்டும்தான், பெயர் இல்லை.

விநாயகமூர்த்தியின் கண் பெயரில்லாத கட்டங்களிலேயே நின்றது. கிள்ளான் துறைமுகத்துக் கிளார்க் ஒருவன் அவளைப் பெண் கேட்டிருப்பதாகப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேச்சு.

எதிர்வீட்டில் அவள் தையல் மெஷின் ஓட்டுவாள். இவன் வாசலுக்கு வந்தால் சத்தம் நிற்கும், உள்ளே போனால் மறுபடி ஓடும். ஒரு வருஷமாக இருவருக்கும் இடையே நடந்த பேச்சு அவ்வளவுதான். பெண் கேட்கலாம் என்றால் எந்த முகத்தோடு கேட்பது?

சென்னையில் கணிதத்தில் முதல் வகுப்பில் பி.ஏ. தேறி, கணக்கு மாஸ்டராகும் ஆசையோடு மலாயாவுக்குக் கப்பல் ஏறியவன் அவன். ரப்பர் விலை விழுந்த நேரம். பள்ளிக்கூடம், சர்வே ஆபீஸ், ரயில்வே கணக்குப் பிரிவு, எங்கே போனாலும் இருக்கிறவர்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டவனிடம், கணக்குப் படித்தவனுக்குக் கிரகம் கணிக்கத் தெரியாதா என்று யாரோ ஒரு சாதகத்தை நீட்டினார்கள். மறுக்கக் கூச்சப்பட்டுக் கற்றுக்கொண்டான், மாட்டிக்கொண்டான். கால்குலஸ் படித்த பிள்ளைக்குப் பி.ஏ. சாத்திரியார் என்று பெயர் விழுந்தது.

இத்தனைக்கும் சாதகத்தில் அவனுக்குத் துளி நம்பிக்கை கிடையாது. தன்னுடையதை ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை, அது அக்காவின் பெட்டியில் கிடந்தது. ஆனால் யாருக்காகவும் கணக்கை மாற்றிச் சொல்லமாட்டான் என்று ஊருக்கே தெரியும்.

மாப்பிள்ளை கிள்ளானா என்று தயங்கிக் கேட்டான். கார்த்திகேசு சிரித்து மழுப்பினார். பெயர் தெரிந்தால் யாருக்கும் மனம் ஒரு பக்கம் சாயும், நல்ல பிள்ளை, படித்த பிள்ளை, மற்றதெல்லாம் பிறகு தானாக வரும் என்றார்.

பென்சிலை எடுத்தான். மாப்பிள்ளைக்குப் பூரட்டாதி. தன் நட்சத்திரமும் அதுதான். இருபத்தேழு பேரில் ஒருவனுக்குப் பூரட்டாதி வரத்தானே செய்யும் என்று மேலே போனான். பாழாய்ப்போன சாதகம் அப்படியே பொருந்தியது. இன்னொரு தரம் போட்டான். அப்போதும் பொருந்தியது.

எதிர்வீட்டில் காலையிலிருந்தே மெஷின் சத்தம் இல்லை. கல்யாணப் பேச்சு நடக்கும்போது யார் தைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தான்.

உண்மையைச் சொன்னால் அவள் கிள்ளானுக்குப் போய்விடுவாள். பொய் சொன்னால், படித்த படிப்பில் மிச்சமிருந்த ஒரே பெருமையும் போய்விடும். தப்பிக்க வழியே இல்லை.

"ரச்சுப் பொருத்தம் இல்லை, ஐயா" என்றான் தலை நிமிராமல். "செய்தால் மாப்பிள்ளையின்ரை உயிருக்கே ஆகாது."

கார்த்திகேசுவுக்குக் கண் கலங்கியிருந்தது.

"நீங்கள் சொன்னால் அதுக்கு மேலை கேள்வி இல்லை. உங்கடை கணக்குப் பிழைக்காது."

மகளின் சாதகத்தை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தார். மற்றதை அவன் பக்கம் மெல்லத் தள்ளினார்.

"உங்கடை சாதகத்தை அக்காவிட்டையே திருப்பிக் குடுத்திடுங்கோ, தம்பி."