படத்துக்குள் ஒரு ஊர்

“நல்லாத் தேடும்மா, கண்டிப்பா இருக்கும்” என்று மறுபடியும் சொன்னார் சங்கரநாராயணன். தில்லி மயூர் விஹாரில் போட்டோ கடை வைத்திருக்கும் ஜெனிஃபருக்கு எரிச்சலாக வந்தது. பெற்ற பெண்ணைக் காட்டிக்கொடுக்க ஒரு மனுஷனுக்கு இவ்வளவு ஆர்வமா?

திரையில் அபிராமி சிரித்துக்கொண்டிருந்தாள். கொய்யா மரத்தடியில் துணி காயப்போடுகிற படம், கழுத்தில் புதுத் தாலி. வீட்டுக்குத் தெரியாமல் ரெஜினைக் கல்யாணம் செய்துகொண்டு போனவள், நன்றாக இருக்கிறேன் என்று அப்பாவுக்கு மட்டும் மெயிலில் அனுப்பியிருந்தாள். அதைப் பென் டிரைவில் போட்டு எடுத்து வந்திருந்தார் அவர்.

கூட வந்திருந்தது பெண்ணின் தாய்மாமன் கோமதிநாயகம். தில்லியில் லாரி சர்வீஸ் நடத்துகிறவர். கோபக்காரர்களுக்கு நாற்காலி ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது. உட்காரச் சொல்லியும் உட்காராமல் கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

“படம் எடுத்த எடம் அதுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும்னு அத்தான்தான் சொன்னாவ. ஜல்தி பாரு பாப்பா. எடம் மட்டும் தெரியட்டும், ரெண்டு பேரையும் உயிரோட விட மாட்டேன்.”

“அப்பிடியெல்லாம் பேசாதப்பா” என்றார் சங்கரநாராயணன். சொன்ன வேகத்திலேயே ஜெனிஃபரிடம் திரும்பி, “பாத்தியாம்மா?” என்றார்.

அவள் படத்தின் விவரங்களைத் திறந்தாள். இடம் இருந்தது. வரைபடத்தில் சிவப்புப் புள்ளி மும்பையின் பெரிய ரயில் நிலையத்தின் மேலேயே நின்றது.

நல்லவேளை, திரை ஜெனிஃபரின் பக்கம் திரும்பியிருந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்தான். ஆனால் இரண்டு உயிர் போகிற விஷயம். சத்தமில்லாமல் இடத்தை அழித்து, படத்தைச் சேமித்தாள்.

“சாரி அங்கிள். இடம் எதுவும் பதிவாகலை.”

சங்கரநாராயணனின் முகம் வெளுத்தது. “இல்லையே, இருக்கணுமே! இன்னொரு தடவ பாரும்மா.”

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். இடம் என்று இருந்த கட்டம் காலியாக இருந்தது.

“அப்ப நான் மொதல்ல சொன்னதுதான் அத்தான். அந்தப் பயலுக்கு அக்கா நாகர்கோவில்ல இருக்கால்லா? அங்கதான் கூட்டிட்டுப் போயிருப்பான். சாயங்கால பிளைட்டுக்கே டிக்கெட் போடுதேன்.” போனைக் காதில் வைத்துக்கொண்டே கோமதிநாயகம் தெருவில் இறங்கி நடந்துவிட்டார்.

சங்கரநாராயணன் எழுந்திருக்கவில்லை. “நெசமாவே ஒண்ணும் இல்லையாம்மா?” என்றார்.

அதற்கு மேல் ஜெனிஃபரால் பொறுக்க முடியவில்லை.

“இருந்துச்சு அங்கிள்! மும்பைன்னு இருந்துச்சு. நான்தான் அழிச்சேன். நீங்கல்லாம் ஒரு அப்பாவா? போலீஸ்ல வேணா போய்ச் சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் பயமில்லை.”

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“அவ நாகர்கோவில்லதாம்மா இருக்கா... மும்பைன்னு மாத்தி வச்சதே நான்தான்!”