ஒரு நாள் காயட்டும்

"யு.வி. மை வேண்டாம். காஞ்சா விறைப்பாயிடும், வேன் கதவு வளைவுல இழுத்து ஒட்டினா விரிசல் விடும்" என்றாள் அந்தப் பெண், அச்சடித்த ஸ்டிக்கரின் மாதிரித் துண்டை மடித்துப் பார்த்தபடி.

அச்சுக்கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "விஷயம் தெரிந்த ஆளை அனுப்புகிறேன்" என்று வேன் கம்பெனி மேனேஜர் சொன்னபோது, இந்த அளவுக்கு அவர் எதிர்பார்க்கவில்லை. முப்பது வேன்களுக்கு முழுக்கப் படம் ஒட்டும் வேலை. கை நழுவினால் அடுத்த மாதம் கடைக்குப் பூட்டுதான்.

"அப்போ சால்வென்ட் மை, மேடம். வளைவுக்குத் தகுந்த மாதிரி வளைஞ்சு கொடுக்கும்."

"கொடுக்கும். ஆனா ஈரம் போகறதுக்குள்ள மேல பளபளா ஷீட்டை ஒட்டிட்டா, மையோட ஆவி உள்ளயே மாட்டிக்கிட்டு பசையை இளக்கிடும். ஆறே மாசத்துல ஓரம் சுருண்டுக்கும்."

கடையில் கூட வேலை பார்க்கும் மச்சினன் அவர் காதருகே குனிந்தான். "பெரிய இன்ஜினியர் போல மாமா. நீங்க வாயைத் திறக்காம இருந்தாலே வேலை கிடைச்சுடும்."

"ஒரு வேனுக்கு எத்தனை நாள்?" என்றாள் அவள்.

"மூணு நாள். அதுல ஒரு நாள் சும்மா காயறதுக்கே. லேடெக்ஸ் மைன்னா உடனே காயும், அந்த மெஷின் என்கிட்ட இல்ல."

"எதிர்க்கடையிலயும் இதே சால்வென்ட்தான். காலையில வேனை விட்டா சாயங்காலம் தரேங்கறாங்க."

மச்சினன் முழங்கையால் இடித்தான். "நாமளும் தரோம்னு அடிச்சு விடுங்க மாமா!"

வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். தொழிலை இப்படிக் கரைத்துக் குடித்த ஒருத்தியிடம் புளுக மனம் வரவில்லை.

"ஈரத்தோட ஒட்ட எனக்குக் கை வராது மேடம். அவசரம்னா அங்கயே கொடுத்துடுங்க."

மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நாளைக்கு முதல் வேன் வரும். முப்பதும் உங்களுக்குத்தான்" என்றாள் அவள்.

அவர் ஆர்டர் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். "இதெல்லாம் எந்தக் காலேஜ்ல படிச்சீங்க மேடம்?"

"காலேஜா?" அவள் சிரித்துவிட்டாள். "கம்பெனிக்கு வர்ற பழைய வேன்ல இருக்கற படத்தை உரிக்கற வேலை சார் எனக்கு. பன்னெண்டு வருஷமா மத்த கடைங்களோடதைத் துண்டு துண்டா சுரண்டி எடுக்கறேன். உங்க கடை பேர் போட்டது மட்டும்தான் வருஷக்கணக்கா ஓரம் சுருளாம இருந்து, பசை இளகாம ஒரே இழுப்புல முழுசா வந்துச்சு."